ரோட்டோரக் கல்லை எப்படிப் படிப்பது?

தர்மபுரியிலிருந்து அரூர், ஊத்தங்கரை, செங்கம் பக்கமெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால், எங்காவது ஒரு புளியமரத்தடியிலோ ஏரிக்கரையிலோ பலகைக்கல் ஒன்று நிற்பது கண்ணில் படும். பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரிவது இடுப்பளவு உயரம்தான். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சில இடங்களில் முன்னால் மண்குதிரையும் நிறுத்தியிருப்பார்கள். ஏதோ கிராமத்துச் சாமி என்று நினைத்துக்கொண்டு நானும் பல வருடம் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

ஒருநாள் அப்படி ஒரு கல்லருகே பஸ் பழுதாகி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் ஓர் ஆள் தெரிந்தான். இடது கையில் வில், வலது கையில் கத்தி, ஒரு கால் முன்னே எட்டு வைத்த நிலை. மார்பில் இரண்டு மூன்று கோடுகள் குறுக்கே ஓடின. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இது என்ன சாமிங்க?" என்று கேட்டேன். "வேடியப்பன் தம்பி. சண்டையில செத்தவரு. அந்தக் கோடெல்லாம் அம்பு, பாரு" என்றார். விரலை வைத்து ஒவ்வொரு அம்பாகக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு நடுகல் என்றால் என்னவென்று புரிய ஆரம்பித்தது.

நடுகல் என்பது இறந்துபோன ஒருவருக்காக ஊரார் நட்ட நினைவுக்கல். 'நடப்பட்ட கல்' என்பதைத் தவிர அந்தப் பெயருக்குப் பொருள் எதுவும் இல்லை. வீரக்கல் என்றும் சொல்வார்கள். அரசன் கட்டிய கோயிலும் இல்லை, புலவன் எழுதிய பாட்டும் இல்லை. மாடு மேய்த்தவன், ஊர்க்காவல் பார்த்தவன், சின்னத் தலைவனிடம் சேவகம் செய்தவன் என்று வேறெந்த ஆவணத்திலும் பெயர் வராத ஆட்களுக்கு வைத்த கல் இது. அந்த மனிதர்களின் பெயரும் ஊரும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கற்களிலிருந்து மட்டும்தான் என்பதால் எனக்கு இவற்றின் மேல் தனி மரியாதை உண்டு.

சரி, இது ஏன் ரோட்டோரத்தில் நிற்கிறது? தற்செயலாக இல்லை. வழிப்போக்கர் கண்ணில் படவேண்டும் என்றே வழியோரத்தில் நட்டிருக்கிறார்கள். அகநானூற்றின் 67ஆம் பாட்டு இதை நேராகவே சொல்கிறது: 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்.' அதர் என்றால் வழி. வழிதோறும் பெயரையும் பெருமையையும் எழுதி, மயில்பீலி சூட்டி நிறுத்திய கல். இன்றைக்கு நெடுஞ்சாலையோரம் வைக்கிற நினைவுப் பலகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. யார், என்ன செய்தார் என்று போகிற வருகிறவருக்குச் சொல்கிறது.

இன்னொரு சான்று இந்த வட்டாரத்தையே பற்றியது. மலைபடுகடாம் பாட்டின் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். அவனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது. இந்தப் பக்கம் பாறை வழுக்கும், அந்தப் பக்கம் பன்றிப்பொறி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, வழி பிரிகிற கவலைகளில் பெயரோடு நட்ட கற்கள் மிகப் பல இருக்கும் என்கிறது. கவலை என்றால் இங்கே பாதை கவர்த்துப் பிரியும் இடம். அந்தப் பாட்டு சொன்ன அதே நாட்டில்தான், சுமார் 2000 ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக நடுகற்கள் கிடைக்கும் வட்டாரங்களில் ஒன்று இருக்கிறது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் செங்கம் பகுதிக் கற்களைத் தேடித் தேடிப் படித்து நூலாக வெளியிட்ட பிறகுதான் இந்தச் செல்வத்தின் அளவு வெளியே தெரிந்தது.

ஏன் இங்கே இவ்வளவு? நிலத்தைப் பார்த்தால் காரணம் பிடிபடும். மலையும் மேய்ச்சல் காடும் நிறைந்த பூமி. நெல்லைவிட மாடுதான் சொத்து. அதோடு இது எல்லை நாடு. கிழக்கே பல்லவர், மேற்கே கங்கர், நடுவே பாணர் போன்ற சிறு அரசுகள். ஒருவன் மந்தையை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவதில்தான் பெரிய போர்களே தொடங்கின. இந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'தொறு'. மாட்டு மந்தை என்று பொருள். 'தொறு கொண்ட ஞான்று' என்றால் மந்தையைக் கவர்ந்த அன்று. 'தொறு மீட்டுப் பட்டான்' என்றால் மந்தையை மீட்டு இறந்தான். இலக்கணம் முதலாவதை வெட்சி என்றும் இரண்டாவதை கரந்தை என்றும் பிரிக்கிறது. கல்லில் இரண்டு வகை ஆட்களும் இருக்கிறார்கள். மீட்கப் போய்ச் செத்தவனுக்கு மட்டும் இல்லை, கவரப் போய்ச் செத்தவனுக்கும் அவன் ஊர் கல் நட்டிருக்கிறது. பக்கத்து ஊருக்கு அவன் கள்ளன். சொந்த ஊருக்கு அவன் சாமி. ஒரு நடுகல்லைப் பார்க்கும்போது, இதை நட்டது எந்த ஊர் என்று கேட்டுக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

இந்த வழக்கத்தின் பழமைக்கு ஓர் உதாரணம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தமிழி (பழைய தமிழ் பிராமி) எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்றில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று வருகிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். தொல்காப்பியத்தில் வரும் அதே சொல், 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கல்லில். அந்தக் கற்களில் உருவம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆள் உருவத்தைச் செதுக்கும் வழக்கம் பிறகு வந்தது.

இப்போது செங்கம் பகுதிக் கல் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். எடுத்தனூர் கல் என்று பேர் பெற்றது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கல்வெட்டு அவனை 'மயிந்திர பருமன்' என்கிறது. ஊர்க்காரன் வாயில் வடமொழிப் பெயர் எப்படி வருமோ அப்படியே வெட்டியிருக்கிறார்கள். அடுத்து அந்த வட்டாரத் தலைவனின் பெயர், பிறகு இறந்தவனின் பெயர்: கருந்தேவக்கத்தி. அவன் 'எருமைப்புறத்தே வாடிப் பட்டான்' என்று சொல்லி, 'கல்' என்ற சொல்லோடு வாசகம் முடிகிறது. ஆனால் செதுக்கியவன் அங்கே நிறுத்தவில்லை. வீரனின் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியாக ஒரு வாசகம்: 'கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு.' கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். எசமான் விழுந்த பிறகும் இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு அவன் பக்கத்திலேயே காவல் இருந்த நாய். சுமார் 1400 வருடங்களுக்கு முந்தைய ஒரு நாட்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றுக்கே கல் இருக்கிறது. மேற்சேரிக் கோழி என்று சேரியின் பெயரோடு அதைக் குறித்திருக்கிறார்கள்.

எடுத்தனூர் கல்லை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற கற்களின் கட்டமைப்பும் பிடிபட்டுவிடும். முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும். பிறகு உள்ளூர்த் தலைவன், ஊர், சண்டைக்குக் காரணம், இறந்தவனின் பெயர். கடைசியில் 'பட்டான்' அல்லது 'பட்டான் கல்'. பட்டான் என்றால் இறந்தான். இந்தச் சொல் கல்லோடு நின்றுவிடவில்லை. இன்றும் புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் பட்டவன் சாமி என்று கும்பிடுகிறார்களே, அது இதே சொல்தான்.

எழுத்தைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை என்றால் பதற வேண்டாம். பல்லவர் காலத்துச் செங்கம் கற்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. பேர் சொல்வது போலவே வளைவும் சுழியுமாக இருக்கும். மொழி தமிழ்தான். எழுத்துப் பழகிவிட்டால் வாக்கியம் ஏறக்குறைய நம் பேச்சுப் போலவே போகும். சோழர் காலத்துக் கற்களில், இன்று நாம் எழுதும் வரிவடிவத்துக்கு நெருக்கமான எழுத்து வந்துவிடுகிறது.

எழுத்தே இல்லாத கற்கள்தான் ஏராளம். அங்கே உருவத்தைத்தான் படிக்கவேண்டும். காலடியில் மாடு இருந்தால் மந்தைச் சண்டை. எதிரே புலி பாய்ந்து நின்று, ஆள் அதன் வயிற்றிலோ வாயிலோ ஈட்டியைச் செருகினால் புலிகுத்திக் கல். ஊரை அல்லது தொழுவத்தைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவன். பன்றி இருந்தால் காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தவன். மேலே சூரியனும் பிறையும் இருந்தால், அவை இருக்கும்வரை இவன் பேர் இருக்கட்டும் என்று அர்த்தம். வீரனுக்குப் பக்கத்தில் பெண் ஒருத்தி நின்று, அல்லது தனியாக ஒரு கை மட்டும் முழங்கையில் மடங்கி நிமிர்ந்து, மணிக்கட்டில் வளையலோடு தெரிந்தால் அது சதிக்கல். கணவனோடு தீயில் இறங்கியவள் என்பதன் அடையாளம் அது. கொங்குப் பக்கம் வீரமாத்தி என்று கும்பிடுவது இவர்களைத்தான். எந்தக் கல்லையும்விட இந்தக் கற்களின் முன்னால்தான் எனக்குப் பேச்சு வராது. அவள் விரும்பி இறங்கினாளா என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போனால் கல்லின் பாணியே மாறும். அடுக்கடுக்காக மூன்று கட்டம் இருக்கும். கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் இருபக்கமும் தாங்கி அவனை மேலே அழைத்துப்போவது, உச்சியில் சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. கன்னட நாட்டு வீரகல்லின் தாக்கம் அது. கீழிருந்து மேலாகத்தான் படிக்கவேண்டும்.

நடுகல்லை மட்டும் சொல்லி நிறுத்தினால் ரோட்டோரக் கற்களின் கதை பாதிதான். அடுத்து நான் பார்க்கச் சொல்வது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்கள் நட்டமாக, அவற்றின் மேல் ஒரு கல் படுக்கையாக. உயரத்தைக் கவனியுங்கள். தோளுக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும். தலையில் மூட்டையோடு தனியாக நடந்து வருகிறவருக்கு, இறக்கி வைக்கவும் திரும்பத் தூக்கி வைக்கவும் இன்னொரு கை வேண்டும். ஆளில்லாத வழியில் அந்தக் கை எது? இந்தக் கல்தான். பக்கத்தில் போய் நின்று, தலையை லேசாகச் சாய்த்து மூட்டையை அப்படியே கல்லின் மேல் நகர்த்திவிடலாம். இளைப்பாறிவிட்டு அதேபோல் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். யாரும் தூக்கிவிட வேண்டாம்.

இதில் மனசைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. பல ஊர்களில் இந்தக் கல்லை நட்டது, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிறவர்களின் சுமையாவது இறங்கட்டும் என்று வீட்டார் வைத்த கல். சிலவற்றின் மேற்கல்லில் பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலும் வழியோரத்தில் சுமைதாங்கியும், பக்கத்தில் மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல்லும், தண்ணீருக்குக் கேணியும் சேர்த்து அமைக்கும் வழக்கம் இருந்தது. பழைய நூல்கள் சொல்லும் 32 அறங்களில் ஆவுரிஞ்சு தறியும் ஒன்று.

அப்புறம் வழியையே அளந்து சொல்லும் கல். தர்மபுரி மாவட்டத்தில் கிடைத்த ஒரு கல்லில் 'அதியமான் பெருவழி நாவற்தாவளத்துக்குக் காதம்' என்று எழுதி, 29 என்ற எண்ணைத் தமிழ் எண்ணில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தமைதியை வைத்து 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். தாவளம் என்பது வணிகர் தங்கும் இடம், காதம் என்பது பழைய தூர அளவு. எண்ணோடு நிற்காமல் கீழே குழிகள் போட்டிருப்பதுதான் அழகு. பெரிய குழி 2, சின்னக் குழி 9. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரன் இருட்டில் விரலை வைத்துத் தடவினாலும் 29 காதம் என்று தெரிந்துகொள்வான். ஒரு வழிகாட்டிப் பலகையை யாருக்காக வைக்கிறோம் என்று யோசித்தவர்கள் அவர்கள். கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு பாறையிலேயே இருக்கிறது. அது சோழர் காலத்தது. வெள்ளைக்காரர் காலத்து மைல்கற்கள் சிலவற்றில் ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் சேர்ந்தே இருக்கும். ௧, ௨, ௰ என்ற குறிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அவற்றையும் படித்துவிடலாம்.

இந்தக் கற்கள் இன்றுவரை பிழைத்திருப்பதற்கு முதல் காரணம் கும்பிடுகிற ஊர் மக்கள். வேடியப்பன் என்று பேர் வைத்து, பொங்கல் வைத்து, குதிரை செய்து வைத்ததால்தான் பல கற்கள் வரப்புக்கும் வாசற்படிக்கும் போகாமல் தப்பின. 'கல்லே பரவின் அல்லது நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே' என்று புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடினாரே, அந்த வழிபாடு அறுபடாமல் வந்திருக்கிறது. அதனால் சாமியைக் கும்பிடுகிறவர்களைப் பார்த்து இது சாமி இல்லை, வரலாறு என்று பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் கல் இருக்கிறது. ஒரே ஒரு கவலை எனாமல் பெயின்ட். எழுத்தின் பள்ளத்தை அது நிரப்பிவிடும். மஞ்சளும் எண்ணெயும் கழுவினால் போகும், பெயின்ட் போகாது. இதை ஊர்ப் பெரியவர்களிடம் பணிவாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பெரிய ஆபத்து ரோடு அகலப்படுத்தும்போது வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல், மண்வாரி இயந்திரம் புரட்டிப் போட்டதில் இரண்டாக உடைந்து, பாதி மட்டும் எங்கோ ஒரு தோட்டத்துக்குப் போனது. உடையாமல் இடம் மட்டும் மாறினாலும் இழப்புதான். கல் நிற்கும் இடம் அதன் வாசகத்தில் பாதி. எந்த வழியில் மந்தை போனது, எந்தத் துறையில் மறித்தார்கள், பழைய பாதை எப்படி ஓடியது என்பதெல்லாம் கல் எங்கே, எந்தத் திசை பார்த்து நின்றது என்பதில்தான் இருக்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நிறைய நடுகற்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தொடங்குகிறவர்கள் முதலில் அங்கே போவது நல்லது. வெளிச்சத்தில், நெருங்கி நின்று பார்க்கலாம். ஆனால் அங்கே நிற்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஊரைச் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் ஒரு கல்லைப் பார்க்கப் போனால் நேரம் முக்கியம். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பள்ளமெல்லாம் நிழல் கட்டி எழுத்து எழுந்து வரும். இருட்டில் டார்ச்சைக் கல்லின் ஓரமாகப் பிடித்தாலும் இதே பலன். சாக்பீஸால் எழுத்தின் மேல் எழுதக் கூடாது, கம்பி பிரஷ் கூடவே கூடாது. தண்ணீரும் மெல்லிய நார் பிரஷும் போதும், அதுவும் கும்பிடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு. போட்டோ எடுக்கும்போது ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். கல்லை மட்டும் எடுக்காமல் சுற்றியுள்ள மரம், ரோடு, ஏரி தெரியும்படி இன்னொன்றும் எடுங்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லும் கதையை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லிவிடலாம். அவர்கள் வந்து மைப்படி எடுப்பார்கள். நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றுவது. தாளை உரித்து எடுத்தால் கறுப்பின் நடுவே வெள்ளையாக எழுத்து வந்து நிற்கும்.

அகநானூற்றில் மருதன் இளநாகனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். ஆறலைப்போர், அதாவது வழிப்பறிக்காரர்கள், அம்பைத் தீட்டித் தீட்டி நடுகல்லின் எழுத்து தேய்ந்துவிட்டது. வழியில் வருகிறவர்கள் குனிந்து பார்க்கிறார்கள், சேர்த்துப் படிக்க வரவில்லை, களைப்போடு விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்திலேயே அது பழைய கல்.

பஸ் பழுதான இடத்துக்கு நான் பிறகு ஒரு சாயங்காலம் டார்ச்சோடு போனேன். அந்தப் பெரியவர் அன்றைக்கு இல்லை. அவர் மருமகள்தான் கற்பூரத்தட்டை நகர்த்தி வைத்து இடம் விட்டார். வீரனின் காலடிக்குக் கீழே ஐந்து வரி இருந்தது. நான்கு வரி தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது கடைசி வரியில் மூன்று எழுத்து எழுந்தது. "என்னண்ணா எழுதியிருக்கு?" என்று அவர் கேட்டார். பட்டா என்று படித்துக் காட்டினேன். அதற்கு அப்புறம் கல் மண்ணுக்குள் போகிறது.